மேலே கோட்டை, கீழே ஆறு: வாசகர் கேள்வி – பதில்

நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள். பாதிப் பேர் உதயகிரியை விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள்! ரைன் நதிப் பள்ளத்தாக்கில் இருக்கும் மலைக்கோட்டைகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இருந்ததுதான் காரணம். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

மகன் பிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறான். மே மாதம் போகும்போது ரைன் ஆற்றுக்கு மேலே உள்ள ரைன்ஃபெல்ஸ் கோட்டைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அதன் கதை என்ன? ஒரே ஆற்றங்கரையில் அத்தனை கோட்டைகள் எதற்கு? – வாசகி, மார்த்தாண்டம்

சுங்கம் வசூலிக்கத்தான். ராஜா, ராணி, வீரம் எல்லாம் அதற்கு அப்புறம்.

பிங்கன் ஊரிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் நீளத்துக்கு ரைன் ஆறு பலகைப் பாறை மலைகளைக் குடைந்துகொண்டு ஓடுகிறது. நடுவில் லோரலை என்ற பாறை, ஆற்றிலிருந்து 132 மீட்டர் உயரம். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நின்று பறளியாற்றை எட்டிப் பார்த்திருப்பீர்கள். அது 115 அடி. லோரலை ஏறக்குறைய நாலு தொட்டிப்பாலம். அந்த இடத்தில் ஆறு மிகவும் ஒடுங்கி, வளைந்து, வேகமாக ஓடுகிறது. அந்தக் காலத்தில் எதிரோட்டத்தில் வரும் சரக்குப் படகை ஆட்களும் குதிரைகளும் கரையிலிருந்து கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். கயிற்றில் போகும் படகு ஓடி ஒளிய முடியாது. வசூலுக்கு இதைவிட வாகான இடம் கிடைக்குமா?

கட்செனெல்ன்போகன் என்ற குறுநிலப் பிரபு வம்சத்தில் ஐந்தாம் டீட்டர், சாங்க்ட் கோவர் ஊருக்கு மேலே 1245இல் ரைன்ஃபெல்ஸைக் கட்டத் தொடங்கினார். கோட்டை வந்ததும் சுங்கத்தைக் கூட்டினார். வியாபார நகரங்களுக்குப் பொறுக்கவில்லை. ரைன் நகரங்கள் கூட்டணி சேர்ந்து 1255–56இல் கோட்டையைச் சுற்றி வளைத்தன. ஒரு வருடத்துக்கு மேல் முற்றுகை போட்டும் பிடிக்க முடியாமல் திரும்பிப் போயின. கட்டி பத்தே வருடமான கோட்டை அது.

அடுத்த நூற்றாண்டில் அதே வம்சம் எதிர்க்கரையிலும் ஒரு கோட்டை கட்டியது. அதன் முழுப்பெயர் வாயில் நுழையாததால் ஊரார் 'கட்ஸ்' என்று சுருக்கிவிட்டார்கள். இரண்டு கரையும் ஒரே கையில் வந்துவிட்டது. கொஞ்சம் மேலே கவுப் என்ற ஊரில், மன்னர் லுட்விக் 1326–27இல் ஆற்றின் நடுத்திட்டிலேயே ஒரு சுங்கக் கோட்டை கட்டினார். அங்கே வசூல் 1860கள் வரை நடந்தது.

போகும் வழி: பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ரைனின் வலது கரை ரயிலில் சாங்க்ட் கோவர்ஸ்ஹவுசன் வரை சுமார் ஒன்றரை மணி நேரம். ரைன்ஃபெல்ஸ் இருப்பது இடது கரையில். மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே ரைனில் பாலமே கிடையாது, அதனால் படகுத்துறையில் இறங்கி ஃபெர்ரியில் கடக்க வேண்டும். ஊரிலிருந்து கோட்டைக்கு நல்ல ஏற்றம். முட்டுவலி இருந்தால் டாக்சி பிடியுங்கள். உள்ளே சுரங்க வழிகள் உண்டு. டார்ச் இல்லாமல் இறங்கக் கூடாது, குனிந்துதான் போக முடியும், தரை ஈரமாக இருக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம். பராமரிப்பு வேலைக்காகச் சில பகுதிகளை அடைத்து வைப்பதும் உண்டு. டிக்கெட் எடுக்குமுன் சுரங்கம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வளவு பலமான கோட்டை இன்று இடிபாடாகக் கிடக்கிறதே, பீரங்கியால் விழுந்ததா? – வாசகர், தக்கலை

இல்லை. பீரங்கிக்கு அது தாக்குப்பிடித்தது.

மலைக்கோட்டையைப் படகிலிருந்து படம் எடுப்பவர்கள் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். கீழே ஆறு, செங்குத்துப் பாறை, மேலே மதில். அந்தப் பக்கம் எவனும் ஏறி வரமாட்டான். ஆபத்து பின்பக்கம். ரைன்ஃபெல்ஸ் ஒரு மலையின் நுனிமூக்கில் இருக்கிறது. பின்னால் அதைவிட உயரமான மேட்டுநிலம். அங்கே பீரங்கியை ஏற்றிவிட்டால் கோட்டை முற்றத்துக்குள்ளேயே குண்டு விழும். வில்லும் கவண்பொறியும் இருந்த காலத்தில் மேட்டுப் பக்கத்தில் தடித்த, உயரமான ஒற்றை மதில் எழுப்பினால் போதும். பீரங்கி வந்ததும் அந்த உயரமே வினையானது. உயரமான சுவரின் அடியில் தொடர்ந்து நாலு குண்டு பட்டால், மேலே உள்ள பாரமே அதைச் சரித்துவிடும்.

1479இல் பழைய வம்சம் வாரிசு இல்லாமல் முடிந்து கோட்டை ஹெஸ்ஸ பிரபுக்கள் கைக்கு வந்தது. அவர்களில் எர்ன்ஸ்ட் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் மேட்டுப் பக்கம் முழுவதும் தாழ்ந்த, கனத்த வெளிக்கொத்தளங்களைக் கட்டினார். எதிரி எங்கே பீரங்கி வைப்பானோ அந்த மேட்டையே முதலில் தன் வசமாக்கிவிடுவதுதான் திட்டம். அந்தத் தரைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, முனையில் வெடிமருந்து அறைகள் அமைத்தார்கள். எதிரி வெளிக்கொத்தளத்தைப் பிடித்து மேலே வந்து நின்றால் காலடியில் வெடிக்கும். நீங்கள் டார்ச் அடித்துப் பார்க்கப்போவது இந்தச் சுரங்கங்களைத்தான்.

1692 டிசம்பரில் பிரெஞ்சு மன்னர் பதினாலாம் லூயியின் 28,000 பேர் கொண்ட படை வந்தது. உள்ளே மூவாயிரம் நாலாயிரம் பேர். புத்தாண்டு பிறந்தபோது முற்றுகை விலகியது. ஆனால் 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்தபோது கோட்டைத் தளபதி ஒரு குண்டுகூடச் சுடாமல் காலி செய்துவிட்டார்! பிடித்தவர்கள் 1796, 1797இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன்பின் ஒரு வியாபாரி விலைக்கு வாங்கிக் கல் விற்றார். கோப்லென்ஸில் ஏரன்பிரைட்ஷ்டைன் கோட்டையைத் திரும்பக் கட்டியபோது ரைன்ஃபெல்ஸ் கல் அங்கே போனது. 1843இல் பிரஷ்ய இளவரசர் வில்ஹெல்ம் வாங்கியதால்தான் மிச்சம் நின்றது. 1925 முதல் சாங்க்ட் கோவர் ஊரின் சொத்து.

இடியாத கோட்டை பார்க்க ஆசை என்றால் அதே பள்ளத்தாக்கில் பிரவ்பாக் ஊருக்கு மேலே மார்க்ஸ்புர்க் இருக்கிறது. நடு ரைன் மலைக்கோட்டைகளில் ஒருமுறையும் அழிக்கப்படாதது அது ஒன்றுதான். 1900இல் ஜெர்மன் கோட்டைகள் சங்கம் அதை 1,000 மார்க்குக்கு வாங்கியது.

மலை உச்சியில் கிணறு தோண்ட முடியுமா? முற்றுகைக் காலத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? – கல்லூரி மாணவர், குலசேகரம்

பாறையைக் குடைந்து ஆழக்கிணறு தோண்டிய கோட்டைகள் உண்டு. வருடக்கணக்கில் ஆகும் வேலை, எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பெரும்பாலும் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பார்கள்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். நடு ரைனில் வருட மழை தோராயமாக 600 மி.மீ. கோட்டைக் கூரைகள் மொத்தம் 1,000 சதுர மீட்டர் என்று வைத்தால் 6 லட்சம் லிட்டர். ஆவியாவதும் சிந்துவதும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 4,80,000. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டர் என்றால் 3,000 பேருக்கு ஒரு நாளைக்கு 12,000 லிட்டர். ஆக, ஒரு வருட மழை நாற்பதே நாள். குதிரைகளைச் சேர்த்தால் இன்னும் குறையும், ஒரு குதிரை ஏழெட்டு ஆள் தண்ணீர் குடிக்கும். சமாதான காலத்தில் முப்பது நாற்பது பேர்தான் காவலுக்கு இருப்பார்கள், அப்போது தொட்டி நிறைந்து வழியும். படை உள்ளே புகுந்ததும் கணக்கு தலைகீழாகிவிடும். தொட்டித் தண்ணீரில் இன்னொரு தொல்லை: பறவை எச்சமும் இலைக்குப்பையும் சேர்ந்து வயிற்றுப்போக்கு வரும். அதனால் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மணலும் சரளையும் போட்ட வடிகுழி வழியாக அடுத்த மழையைப் பிடிப்பார்கள்.

உதயகிரி கோட்டைக்குள் ஒரு மலையே இருக்கிறது. உச்சியில் கட்டாமல் அடிவாரத்தைச் சுற்றி மதில் எழுப்பியது ஏன்? கல்லை மேலே ஏற்ற முடியாததாலா? – வாசகர், புலியூர்க்குறிச்சி

கல் மேலேதானே கிடக்கிறது, ஏற்றுவானேன்! காரணம் வேறு.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்தில், 1741க்குப் பிறகு, பழைய கோட்டையைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டிய பொறுப்பு டிலனாயினுடையது. இயூஸ்டேஷியஸ் பெனடிக்டஸ் டிலனாய், டச்சுக் கம்பெனிப் படையில் வந்து குளச்சலில் சிறைப்பட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானவர். 'வலிய கப்பித்தான்' என்று ஊரார் சொன்னது அவரைத்தான். அவர் பீரங்கி யுகத்து ஆள், மலையைப் பார்க்கும் கண் வேறு.

மேலே ரைன்ஃபெல்ஸ் கதையில் பார்த்த தலைவலியை நினைத்துக்கொள்ளுங்கள்: கோட்டைக்கு வெளியே உயர்ந்த நிலம். புலியூர்க்குறிச்சியில் தனியாக ஒரு குன்று நிற்கிறது. அதை வெளியே விட்டு பக்கத்தில் சமதரையில் கோட்டை கட்டினால், எதிரி முதலில் குன்றில்தான் ஏறுவான். உச்சியில் மட்டும் கட்டினால் பீரங்கி வார்க்கும் உலை, வெடிமருந்துக் கிடங்கு, படைவீடு, குதிரை லாயம் எதற்கும் இடம் போதாது, தண்ணீரும் இல்லை. அடிவாரத்தைச் சுற்றி வளைத்தால் சுமார் 90 ஏக்கர் உள்ளே வருகிறது, உயர்ந்த நிலமும் உள்ளேயே அடங்கிவிடுகிறது, கிணறு வெட்டினால் தண்ணீரும் கிடைக்கும்.

இன்னொன்று, குண்டு போகும் பாதை. அன்றைய பீரங்கியில் இரும்பு உருண்டைதான். தரைக்குக் கிடையாகச் சுட்டால் உருண்டை தத்தித் தத்திப் போய் வழியில் இருப்பவர்களையெல்லாம் சாய்க்கும். உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் விழுந்த இடத்தில் மண்ணில் புதையும், அவ்வளவுதான். குழலை அளவுக்கு மேல் கீழே சாய்த்தால் உருண்டை முன்னால் நழுவும் என்பதால் அடைப்பு போட்டு இறுக்க வேண்டும், அதற்கு நேரமாகும். மலையடிவாரத்தை ஒட்டி வந்துவிட்ட எதிரியை உச்சிப் பீரங்கி பார்க்கவே முடியாது. தாழ்ந்த மதில், அதன்மேல் பீரங்கி, பின்னால் மலையில் ஒரு காவல்கண் என்ற அமைப்பு அன்றைக்குச் சரியான யோசனை. அந்தக் காலப் பீரங்கியால் கல்மதிலை உடைக்க வேண்டுமென்றால் ஐந்நூறு அறுநூறு மீட்டருக்குள் வந்தாக வேண்டும். அந்தத் தூரம் முழுவதும் மதில் மேல் உள்ள பீரங்கியின் முன்னால்தான் வர வேண்டும்.

போனால் மதிலின் வெளிமுகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பெரிய கருங்கல் பாளங்கள் இடுக்குத் தெரியாமல் அடுக்கியிருக்கும். உள்ளே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருப்பதால் பலர் மானையும் மரவீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கூரை போன சிற்றாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1777இல் இறந்தார், கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் உண்டு. பக்கத்திலேயே அவர் மகனுக்கும் கல்லறை.

குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றது பனைமரத்தைப் பீரங்கி போல் சாய்த்து வைத்து ஏமாற்றியதால் என்கிறார்களே? – வாசகர், குளச்சல்

கதை நன்றாக இருக்கிறது, ஊரில் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். 1741 ஆகஸ்டில் குளச்சலில் அடைபட்டிருந்த டச்சுப் படையின் முதுகை ஒடித்தது வெடிமருந்துக் கிடங்கு தீப்பிடித்து வெடித்ததும், அதோடு அரிசிக் கையிருப்பு எரிந்து போனதும்தான். கடல்வழி உதவி வரவில்லை. வெடிமருந்தும் சோறும் இல்லாமல் எந்த மதிலுக்குள்ளும் உட்கார முடியாது.

வட்டக்கோட்டையும் டிலனாய் கட்டியதா? – வாசகி, அஞ்சுகிராமம்

இல்லை. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலோரமாக முன்பே இருந்த கோட்டையை அவர் காலத்தில் பலப்படுத்தினார்கள். சுமார் மூன்றரை ஏக்கர், மதில் 25 அடி உயரம். கனத்தைக் கவனியுங்கள்: முன்பக்கம் 29 அடி, மூலைகளில் 18, பின்பக்கம் 6. எந்தத் திசையை நினைத்துப் பயந்தார்கள் என்பதை மதிலே சொல்லிவிடுகிறது.

ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மலைமேல் கோட்டை நம் மாவட்டத்தில் ஏன் இல்லை? கோதையாறும் பறளியாறும் மலையைக் குடைந்துதானே வருகின்றன? சிதறால் மலையில் இருப்பது கோட்டையா? – வாசகர், திருவட்டாறு

சிதறால் கோட்டை இல்லை. திருச்சாரணத்துமலை என்ற சமணத் தலம், 9ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பங்கள் உள்ள இடம், பின்னால் பகவதி கோயிலானது.

கோதையாற்றில் சரக்குப் படகு போகாது. திற்பரப்பில் அருவி, மேலே பாறையும் காடும். வரி வாங்க ஆள் வராத இடத்தில் எவன் கோட்டை கட்டுவான்? நம் பக்கம் சரக்கும் படையும் வந்த வழி ஆரல்வாய்மொழிக் கணவாய். அதனால் மலைக்கும் கடலுக்கும் இடையே, வட்டக்கோட்டை வரைக்கும் காவல் அரண் வரிசை போட்டார்கள். அதுவும் ரைன்ஃபெல்ஸ் பயந்த மாதிரியேதான் முடிந்தது. வேலுத்தம்பி தளவாய் எழுச்சியின்போது, 1809 பிப்ரவரி 10ஆம் தேதி, ஆங்கிலேயக் கம்பெனிப் படை வாசலில் வந்து முட்டவில்லை. ஒரு பிரிவு, யாரும் ஏறமாட்டார்கள் என்று விட்டிருந்த தென்பக்கச் செங்குத்து மலையில் இரவோடு இரவாக ஏறி, பக்கவாட்டில் வந்து இறங்கியது. அரண் விழுந்த பின் உதயகிரியும் பத்மநாபபுரமும் பெரிய சண்டையில்லாமலே கைமாறின.

எங்கள் தறவாட்டு வீட்டுக் கருங்கல் மதிலில் ஆலங்கன்று முளைத்துக் கல் பிளந்து நிற்கிறது. பிடுங்கினால் மதில் சரியுமோ என்று பயம். சிமெண்ட் பூசினால் போதுமா? – வாசகர், இரணியல்

சிமெண்ட் மட்டும் வேண்டாம். பழைய மதில் சுண்ணாம்புக் காரையில் கட்டியது, உள்ளே இறங்கும் மழைநீர் இடுக்கு வழியாக வெளியே வந்துவிடும். வெளிமுகத்தைச் சிமெண்டால் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, காரையைக் கரைத்து, இரண்டு மூன்று மழைக்காலத்தில் மதிலை வயிறு தள்ள வைக்கும். உதயகிரி அளவு மதிலுக்கும் உங்கள் மதிலுக்கும் வியாதி ஒன்றுதான்.

கன்று பென்சில் கனத்துக்குள் இருந்தால், மழை பெய்து ஊறிய மறுநாள் வேரோடு மெல்ல இழுத்தால் வந்துவிடும். அதற்கு மேல் தடித்திருந்தால் இழுக்கவே கூடாது, வேர் கல்லையும் சேர்த்துக் கொண்டுவரும். கல்லை ஒட்டி அறுத்து, தண்டில் துளை போட்டு, வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு வாங்கிய மரக்கொல்லி மருந்தை உடனே விட வேண்டும். அறுத்த சில நிமிடத்திலேயே ஆலம்பால் இறுகி வாயை அடைத்துக்கொள்ளும். மருந்து இறங்கவில்லை என்றால் இதுதான் காரணம். பிறகு வேர் காயும்வரை சில மாதம் பொறுங்கள், துளிர்த்தால் மறுபடி மருந்து.

காய்ந்த பின் அசையும் கற்களைச் சாக்பீஸில் நம்பர் போட்டு, படம் எடுத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கழற்றி, வேரை அறுத்தெடுத்து, அதே வரிசையில் திரும்ப அடுக்குங்கள். கழற்றும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மரமுட்டு கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இடுக்குகளில் உதிரும் பழைய காரையை ஓர் அங்குல ஆழத்துக்காவது சுரண்டி, கழுவி, ஈரம் காயாமல் புதுக்காரை திணிக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் இரண்டு மூன்று வாரம் ஊற வைத்து, சல்லடையில் அரித்து, 1 பங்குக்கு 3 பங்கு மணல். எம்-சாண்ட் என்றால் தூளைக் கழுவிப் போக்கிவிடுங்கள், தூள் மிஞ்சினால் வெடிப்பு விழும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது நல்ல பழக்கம், ஆனால் வெல்லம் கூடினால் காரை இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள்.

மதிலின் தலை தட்டையாக இருந்தால் தண்ணீர் அங்கேதான் இறங்கும், விதையும் அங்கேதான் முளைக்கும். சுண்ணாம்புச் சல்லிக் காரையால் இரண்டு பக்கமும் சரிவாக மூடுங்கள். ஒரு பக்கம் மண் மேடு இருந்தால், அடியில் ஐந்தாறு அடிக்கு ஒரு மூன்றங்குலக் குழாய் வைத்து, பின்னால் சல்லி கொட்டி, தண்ணீருக்கு வழிவிடுங்கள். நம் மாவட்டத்தில் இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் பிடிக்கும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரைதான் சுண்ணாம்பு வேலைக்குத் தோது.

ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் உங்கள் சொந்த மதிலுக்கு மட்டும். வட்டக்கோட்டை போல மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடத்தில் கன்று முளைத்திருந்தால் கை வைக்காமல் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பழுது பார்ப்பதற்கும் முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் வீடு அந்த எல்லைக்குள் வருகிறதா என்று கொத்தனாரைக் கூப்பிடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.